தொலைத்திரையின் இரு வழிகள்

நுழையும்முன்

ஓரிடத்தில் இருந்துகொண்டே வேறோர் இடத்தில் பணியாற்றும் வாய்ப்பைக் கணினி மனிதருக்கு வழங்கியுள்ளது. மதுரையில் இருப்பவர் சென்னையில் உள்ள கணினியை இயக்குகிறார். ஆசிரியர் தம் திரையை நாற்பது மாணவர்களின் திரைகளில் ஒரே நேரத்தில் தோன்றச் செய்கிறார். பயன்படுத்தும் கணினியும் இணைய இணைப்பும் ஒன்றாகவே இருப்பினும், ஒரு முறையில் எழுத்து கூர்மையாகத் தெரிகிறது, மற்றொன்றில் மங்குகிறது. ஒன்றில் காணொலி தடையின்றி ஓடுகிறது. மற்றொன்றில் திக்கித் திக்கி நகர்கிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவர், தம் பணிக்குரிய முறையைத் தாமே தேர்ந்துகொள்ள இயலும்.

மாலையும் கட்டும் முறையும்

திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நிலக்கோட்டை, மல்லிகைப் பூவுக்கும் பூச்சந்தைக்கும் பெயர்பெற்ற ஊர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பொழுது புலரும் வேளையில் பறிக்கப்படும் அரும்புகள் காலையிலேயே சந்தையை அடைகின்றன. மல்லிகையின் மதிப்பு அதன் எடையை மட்டும் பொறுத்ததன்று; நேரத்தையும் பொறுத்தது. மாலையில் மலரவேண்டிய அரும்பு வழியிலேயே மலர்ந்துவிட்டால், எடை குறையாவிட்டாலும் விலை குறைந்துவிடும்.

வெளியூரில் நடைபெறும் திருமணம் ஒன்றுக்கு நிலக்கோட்டையிலிருந்து மாலை வேண்டும் எனக் கொள்வோம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. கட்டி முடித்த மாலையைக் கூடையில் வைத்துப் பேருந்தில் ஏற்றி அனுப்புவது முதல் வழி. அவ்வூரிலேயே பூவும் நாரும் கட்டத் தெரிந்த ஒருவரும் இருப்பின், “இரண்டு சாண் மல்லிகை, அடுத்து நான்கு ரோசா, இடையிடையே மரிக்கொழுந்து” எனத் தொலைபேசியில் கட்டும் முறையைச் சொல்வது இரண்டாம் வழி. முதல் வழியில் பொருளே பயணம் செய்கிறது. இரண்டாம் வழியில் பொருளைப் பற்றிய குறிப்பு மட்டுமே பயணம் செய்கிறது.

குறிப்பை அனுப்புவது எளிது, விரைவு, செலவு குறைவு. ஆனால், மறுமுனையில் பூ இல்லையெனில் குறிப்பினால் பயனில்லை. மாலையையே அனுப்பியாக வேண்டும். தொலைவில் உள்ள திரையைக் காணும் இரு முறைகளின் செயல்திறன் வேறுபாடும் பெரும்பாலும் இதனுள் அடங்கிவிடுகிறது.

இரு முறைகள்

ரிமோட் டெஸ்க்டாப் எனப்படும் தொலைமேசை முறையில், தொலைவில் உள்ள கணினியில் பயனர் தமக்கென ஒரு பணித்தளத்தைத் திறக்கிறார். நிரல்கள் அங்கே இயங்குகின்றன. கோப்புகள் அங்கேயே உள்ளன. பயனரின் விசைத்தட்டலும் சுட்டியின் அசைவும் அங்கே செல்கின்றன. அவற்றின் விளைவு இங்கே திரையில் தோன்றுகிறது. அந்தக் கணினியின் முன்னே ஒருவரும் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு திரைகூட இணைக்கப்பட்டிருக்க வேண்டுவதில்லை.

ஸ்கிரீன் ஷேரிங் எனப்படும் திரைப்பகிர்வு முறையில், ஒருவர் தம் கணினியில் தாமே பணியாற்றுகிறார். அவர் கண்முன் ஏற்கெனவே வரையப்பட்டுள்ள திரை, நொடிக்குப் பலமுறை படமாகப் பிடிக்கப்பட்டுப் பிறருக்கு அனுப்பப்படுகிறது. பார்ப்பவர் பெரும்பாலும் பார்வையாளராகவே இருக்கிறார். சில செயலிகளில் உரியவர் இசைவு தந்தால் பார்ப்பவரும் சுட்டியை இயக்கலாம்.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆயின் ஒன்று தொலைவில் கை நீட்டிப் பணிசெய்வது. மற்றொன்று தன் முன்னுள்ளதைப் பிறர் காணக் காட்டுவது. நோக்கம் வேறுபடுவதால் அமைப்பும் வேறுபடுகிறது. அமைப்பு வேறுபடுவதால் வேகமும் தெளிவும் வேறுபடுகின்றன.

ஒரு திரையின் எடை

திரை என்பது படப்புள்ளிகளின் தொகுப்பு. இன்று பரவலாக வழங்கும் திரை ஒன்றில் அகலவாக்கில் 1,920 புள்ளிகளும் உயரவாக்கில் 1,080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற அளவுகளைக் குறிக்க மூன்று பைட்டுகள் தேவை. ஆகவே ஒரே ஒரு திரைப்படத்தின் அளவு 62,20,800 பைட்டுகள்.

இதனை எழுத்தோடு ஒப்பிடலாம். ஒருங்குறி முறையில் ‘அ’ என்னும் எழுத்தைச் சேமிக்கப் பெரும்பாலும் மூன்று பைட்டுகள் போதும். ஒரு பக்கத்தில் 2,000 குறிகள் உள்ளன எனக் கொண்டால் பக்கத்திற்கு 6,000 பைட்டுகள். அதாவது, சுருக்கப்படாத ஒரு திரைப்படத்தை அனுப்பும் செலவில் ஆயிரம் பக்க நூலொன்றின் எழுத்துகள் முழுவதையும் அனுப்பிவிடலாம்.

நொடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் இணைய இணைப்பில், மேற்கண்ட ஒரு படம் சென்றுசேர ஏறத்தாழ ஐந்து நொடிகள் ஆகும். அசைவு இயல்பாகத் தோன்ற நொடிக்கு 30 படங்கள் வேண்டும். அவ்வாறாயின் நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட்டுகளை அனுப்பியாக வேண்டும். சிற்றூர்களுக்கு வரும் சாதாரண இணைப்பு இதனைத் தாங்காது. எனவே, திரையை உள்ளவாறே அனுப்புவது என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. அனுப்பவேண்டியதைக் குறைப்பதே இரு முறைகளின் முதற்பணி. குறைக்கும் வழியில்தான் இரண்டும் பிரிகின்றன.

வரைவதற்கான கட்டளை

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984ஆம் ஆண்டு எக்ஸ் விண்டோ என்னும் அமைப்பு உருவானது. ஒரு கணினியில் இயங்கும் நிரல், வலையமைப்பின் வழியே வேறொரு கணினியின் திரையில் தன் சாளரத்தை வரைவதற்கு அது வழிசெய்தது. “இவ்விடத்தில் ஒரு கோடு”, “இவ்விடத்தில் இச்சொல்” என்னும் வரைகட்டளைகள் மட்டுமே சென்றன. வரையும் பணியைப் பார்ப்பவரின் கணினியே செய்தது. 1998இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் என்.டி. 4.0 இயங்குதளத்தின் தனிப்பதிப்பு ஒன்றுடன் ஆர்.டி.பி. என்னும் தொலைமேசை நெறிமுறையை வெளியிட்டது. அதுவும் வரைகட்டளைகளைப் பெரிதும் பயன்படுத்தியது.

இம்முறையின் சிக்கனத்திற்கு நினைவாற்றலும் ஒரு காரணம். ஓர் எழுத்தின் வடிவம் முதன்முறை அனுப்பப்பட்டதும் பார்ப்பவரின் கணினி அதனை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே எழுத்து வேண்டுமெனில், அதன் வரிசை எண்ணை மட்டும் சொன்னால் போதும். அடிக்கடி தோன்றும் பொத்தான்கள், சிறு படங்கள் ஆகியவற்றுக்கும் இவ்வழியே பின்பற்றப்படுகிறது. மறுமுனையில் பூவும் நாரும் இருப்பில் உள்ளதால் கட்டும் முறையைச் சொன்னாலே மாலை உருவாகிறது. எழுத்தின் விளிம்பு சிறிதும் சிதையாமல் கூர்மையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

தொலைமேசைக்கு வேறு சில வசதிகளும் உண்டு. பணித்தளம் பார்ப்பவருக்கெனவே உருவாக்கப்படுவதால், அதன் அளவைப் பார்ப்பவரின் திரைக்கு ஏற்ப அமைக்கலாம். பின்னணிப்படம், நிழல், அசைவலங்காரம் போன்ற தேவையற்ற சுமைகளை நீக்கலாம். சுட்டுக்குறியைப் பார்ப்பவரின் கணினியே வரைந்துகொள்வதால், கை அசைந்தவுடன் குறியும் அசைகிறது.

ஆயினும் ஒரு புகைப்படத்தையோ காணொலியையோ திறந்தவுடன் இச்சிக்கனம் குலைகிறது. புகைப்படத்தில் கோடும் எழுத்தும் இல்லை, புள்ளிகளே உள்ளன. அவற்றைச் சில கட்டளைகளில் சொல்லிவிட இயலாது. மறுமுனையில் இல்லாத பூவைக்கொண்டு மாலை கட்டச் சொல்வது போன்றது அது. வரைகட்டளைகளை நம்பிய பழைய தொலைமேசை அமைப்புகளில் காணொலி திக்கித் திணறியது இதனால்தான்.

படமாகப் பகிர்தல்

திரைப்பகிர்வுச் செயலிக்கு, திரையில் இருப்பது எழுத்தா, படமா என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. வரைந்து முடித்த பின்னரே அது திரையைப் பிடிக்கிறது. எனவே, காணொலிக்குப் பயன்படும் சுருக்க முறையையே திரைக்கும் பயன்படுத்துகிறது. 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 அத்தகைய முறைகளுள் மிகவும் பரவியது. முந்தைய படத்திற்கும் இப்போதைய படத்திற்கும் இடையே மாறியதை மட்டும் அனுப்புதல், அசைந்த பகுதியைப் புதிதாக அனுப்பாமல் “இது அங்கிருந்து இங்கு நகர்ந்தது” எனக் குறித்தல், மனிதக் கண் எளிதில் காணாத நுண்விவரங்களைக் கைவிடுதல் ஆகியன அதன் உத்திகள். இவற்றால் 149 கோடி பிட் என்னும் பெருஞ்சுமை, காட்சியின் தன்மைக்கேற்பச் சில இலட்சம் பிட்டுகளாகவோ சில பத்து இலட்சம் பிட்டுகளாகவோ சுருங்குகிறது.

இச்சுருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. மனிதக் கண் ஒளி வேறுபாட்டை நுட்பமாக உணரும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாக உணராது. ஆகவே, காணொலிச் சுருக்கத்தில் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிற விவரம் அனுப்பப்படுகிறது. மனித முகத்திலும் இயற்கைக் காட்சியிலும் இக்குறை தெரிவதில்லை. ஆனால், நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை எழுதினால் விளிம்புகள் கலங்கித் தோன்றுகின்றன. பகிரப்பட்ட திரையில் சிறிய எழுத்து மங்குவதற்கு இணைய வேகத்தின் குறை மட்டுமன்றி, இந்நிறச் சிக்கனமும் காரணமாகும்.

மற்றொரு விலை, பகிர்பவரின் கணினி சுமக்கும் உழைப்பு. தன் வழக்கமான பணியோடு படம் பிடிக்கும் பணியையும் ஒப்பிடும் பணியையும் சுருக்கும் பணியையும் அது இடைவிடாது செய்கிறது. திறன் குறைந்த மடிக்கணினி திரைப்பகிர்வின்போது சூடேறுவதும் மெதுவாவதும் இதனால்தான்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியொன்றும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் உருவான வி.என்.சி., தொலைக்கணினியை இயக்க உதவுவதில் தொலைமேசையை ஒத்தது. படப்புள்ளிகளை அனுப்புவதில் திரைப்பகிர்வை ஒத்தது. திரையைச் செவ்வகங்களாகப் பிரித்து, மாறிய செவ்வகங்களை மட்டும் அது அனுப்புகிறது. ஒரு சாளரம் இடம்பெயர்ந்தால் அதன் புள்ளிகளை மீண்டும் அனுப்பாமல், எங்கிருந்து எங்கு நகர்ந்தது என்னும் சில எண்களை மட்டும் அனுப்பவும் வல்லது.

இன்றைய தொலைமேசை அமைப்புகளும் தேவைப்படும் இடங்களில் காணொலிச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆகவே இரு முறைகளுக்கும் இடையே இருந்த எல்லை முன்பைவிட மெலிந்துள்ளது. எனினும், “அனுப்பப்படுவது குறிப்பா, படமா?” என்னும் வினா இன்றும் பொருளுடையதாகவே இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பர்ட் என்னும் பொறியாளர் சான்பிரான்சிஸ்கோ நகர மேடையில் அமர்ந்தவாறு, மென்லோ பார்க்கில் இருந்த கணினியை இயக்கிக் காட்டினார். இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். நிலக்கோட்டையிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலைத் தொலைவை ஒத்தது. திரையின் படம் நுண்ணலை வழியே வந்தது. விசைத்தட்டலும் சுட்டியின் அசைவும் நொடிக்கு 1,200 பிட் அளவே செல்லும் தொலைபேசி இணைப்பின் வழியே சென்றன. காட்சிக்கு அகன்ற பாதையும் கட்டளைக்குக் குறுகிய பாதையும் போதும் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது.

அகலமும் சுணக்கமும்

“இணையம் வேகமாக இருக்கிறதா?” என்னும் வினாவில் இரண்டு வினாக்கள் மறைந்துள்ளன. ஒரு நொடியில் எவ்வளவு செல்லும் என்பது ஒன்று. இது பேண்ட்வித் எனப்படும் அலைக்கற்றை அகலம். அனுப்பியது சென்றுசேர எவ்வளவு நேரமாகும் என்பது மற்றொன்று. இது லேட்டன்சி எனப்படும் சுணக்கம். பூக்கூடைகள் நிறைந்த சரக்குந்தில் ஏராளமான பூவை அனுப்பலாம். ஆயினும் அது சென்னையை அடையப் பல மணிநேரம் ஆகும். அகலம் மிகுதி, சுணக்கமும் மிகுதி.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதாவது, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர். 1,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கணினிக்கு ஒரு விசைத்தட்டல் சென்று அதன் விளைவு திரும்பக் குறைந்தது 10 மில்லிநொடி ஆகும். இடையிலுள்ள கருவிகளின் தாமதமும் சுருக்கி விரிக்கும் நேரமும் இதனோடு சேரும். எவ்வளவு பணம் செலுத்தி அகலத்தைக் கூட்டினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட இயலாது.

சுணக்கத்தின் விளைவை விண்வெளி எடுத்துக்காட்டு ஒன்று தெளிவாக்கும். கல்விக்கெனவே இந்தியா உருவாக்கிய எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்டது. புவிநிலைச் சுற்றுப்பாதை நிலத்திலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஆசிரியரின் குரல் மேலே சென்று கீழே வர ஏறத்தாழ 72,000 கிலோமீட்டர் கடக்க வேண்டும். அதற்குக் கால் நொடி ஆகும். பாடத்தைக் கேட்கும் மாணவருக்கு இத்தாமதம் தெரியவே தெரியாது. ஆனால், அதே வழியில் ஒருவர் தொலைக்கணினியை இயக்க முயன்றால், விசையைத் தட்டிய பின் எழுத்து திரையில் தோன்ற அரை நொடி ஆகும். பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் விளைவு தோன்றினால்தான் மனம் அதனை உடனடி என உணரும். அதனைக் கடந்தால் கையும் கண்ணும் ஒன்றோடொன்று முரண்படத் தொடங்கும்.

இதிலிருந்து ஓர் அடிப்படை புலனாகிறது. பார்ப்பதற்கு அகலம் வேண்டும். இயக்குவதற்குச் சுணக்கம் குறைய வேண்டும். திரைப்பகிர்வு அகலக்குறைவால் துன்புறுகிறது. தொலைமேசை சுணக்கத்தால் துன்புறுகிறது.

வழியில் தொலையும் தரவுப் பொதிகளையும் இரு முறைகளும் வெவ்வேறு வகையில் எதிர்கொள்கின்றன. காணொலியில் ஒரு படம் தொலைந்தால், அதனை விடுத்து அடுத்த படத்தைக் காட்டலாம். கண் ஒருகணம் தடுமாறி மீளும். வரைகட்டளை ஒன்று தொலைந்தாலோ அதன்பின் வரையப்படும் அனைத்தும் பிழையாகும். எனவே, தொலைந்த கட்டளை மீண்டும் வரும்வரை தொலைமேசை காத்திருக்க நேர்கிறது. மழைக்காலத்தில் இணைப்பு விட்டுவிட்டு வரும்போது, பகிர்ந்த திரை மங்கியபடி ஓடுவதும் தொலைமேசை உறைந்து நிற்பதும் இக்காரணத்தால்தான்.

தேனி கற்பித்த பாடம்

நிலக்கோட்டையிலிருந்து மேற்கே வத்தலக்குண்டைக் கடந்து சென்றால் தேனி மாவட்டம். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. சுற்றியுள்ள ஊர்களில் அமைந்த பார்வை மையங்களுக்கு வரும் நோயாளர்களைத் தேனியில் உள்ள மருத்துவர் காணொலி வழியே கண்டு பேசும் ஏற்பாடு அங்கே செய்யப்பட்டது. கண்பரிசோதனைக்காக ஒருநாள் கூலியை இழந்து நகரத்திற்குச் செல்ல வேண்டிய நிலையைத் தவிர்ப்பதே அதன் நோக்கம்.

அக்காலத்தில் சிற்றூர்களுக்கு நம்பத்தக்க இணைய இணைப்பு அரிதாக இருந்தது. அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீடுகளில் பயன்படும் வைஃபை கருவிகளையே உயர்ந்த கோபுரங்களில் பொருத்தி, பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள மையங்களைத் தேனியோடு இணைத்தனர். கருவி விலை குறைந்தது. ஆனால் அதன் இயல்பு தடையாக நின்றது. வைஃபை கருவி ஒரு பொதியை அனுப்பியதும், ‘கிடைத்தது’ என்னும் ஒப்புகை வரும்வரை அடுத்ததை அனுப்பாமல் காத்திருக்கும். அறைக்குள் இக்காத்திருப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. தொலைவு கூடக்கூட ஒப்புகை வரத் தாமதமாகும். பொதி தொலைந்துவிட்டதாக எண்ணிக் கருவி அதனையே மீண்டும் அனுப்பும். அகலம் இருந்தும் பயன்படாமற் போகும்.

ஒவ்வொரு கூடைக்கும் தனித்தனியே விடை எதிர்பாராமல், பல கூடைகளை அனுப்பிவிட்டு அனைத்திற்கும் சேர்த்து ஒரே விடை பெறுவது போன்ற தீர்வை அவர்கள் கண்டனர். இரு முனைகளும் நேரத்தைப் பங்கிட்டு மாறிமாறி அனுப்பும் ஒழுங்கையும் ஏற்படுத்தினர். 2007இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, இம்மாற்றங்களால் தரவுப் போக்குவரத்து இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்ததாகக் கூறுகிறது. கருவி அதே கருவிதான். காத்திருக்கும் முறை மட்டுமே மாறியது.

பார்வை மையத்தின் பணியில் இரண்டு வகைத் தேவைகள் இருப்பதையும் நோக்க வேண்டும். கண்ணின் நிழற்படம் சில நொடிகள் தாமதமாக வரலாம், ஆனால் மங்கக்கூடாது. மங்கிய படத்தைக் கொண்டு நோயை அறிய இயலாது. மருத்துவருக்கும் நோயாளருக்கும் இடையிலான உரையாடலோ சற்று மங்கலாம், தாமதிக்கக்கூடாது. தாமதித்தால் வினாவும் விடையும் ஒன்றன்மேல் ஒன்று மோதும். தெளிவு எங்கே வேண்டும், விரைவு எங்கே வேண்டும் எனப் பிரித்தறிவதே அறிவுடைய தேர்வின் தொடக்கம்.

எப்பணிக்கு எம்முறை?

அலுவலகக் கோப்புகளைத் திருத்துதல், கணக்குப் பதிவு செய்தல், நிரல் எழுதுதல் ஆகியவற்றில் எழுத்தே மிகுதி. திரையில் மாற்றம் சிறிது சிறிதாகவே நிகழும். இவற்றுக்குத் தொலைமேசை ஏற்றது. குறைந்த அகலமுள்ள இணைப்பிலும் அது செவ்வனே இயங்கும். பயனரின் கணினி திறன் குறைந்ததாயினும் குற்றமில்லை. உழைப்பு முழுவதும் மறுமுனையில் நடைபெறுகிறது.

தமிழக அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் பலவற்றில், ஒரு சேவையகக் கணினியோடு தின் கிளையன்ட் எனப்படும் சிறிய முனையங்கள் இணைக்கப்பட்டுள்ளன. தொலைமேசைக் கருத்தின் மிக அண்மையான எடுத்துக்காட்டு அது. சேவையகம் அதே அறையில் இருப்பதால் சுணக்கம் ஏறத்தாழ இல்லை. பலர் ஒரே நேரத்தில் தட்டச்சுச் செய்தாலும் அது தளர்வதில்லை. அனைவரும் ஒரே வேளையில் காணொலியை ஓடவிட்டால் சேவையகத்தின் சுமை பன்மடங்கு உயரும்.

வகுப்பு நடத்துதல், செய்முறை விளக்கம் காட்டுதல், காணொலியைப் பலரோடு சேர்ந்து காணுதல் ஆகியவற்றுக்குத் திரைப்பகிர்வு ஏற்றது. பகிர்பவர் ஒருமுறை அனுப்பும் படத்தை இடையிலுள்ள சேவையகம் அனைவருக்கும் பிரித்து அனுப்புகிறது. பார்ப்பவர் நாற்பதின்மர் ஆயினும் பகிர்பவரின் இணைப்பின்மேல் சுமை பெரிதும் கூடுவதில்லை.

பார்ப்பவரின் செலவையும் எண்ண வேண்டும். நொடிக்குப் பத்து இலட்சம் பிட் வீதம் நாற்பது நிமிட வகுப்பைக் கண்டால், ஏறத்தாழ 300 மெகாபைட் தரவு செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் மட்டுமே கிடைக்கும் கைப்பேசியை வீட்டில் இருவர் பகிர்ந்து படிக்கும்போது, இது சிறிய அளவன்று. அசைவலங்காரங்களைத் தவிர்ப்பதும் தேவையற்ற நேரத்தில் பகிர்வை நிறுத்துவதும் ஆசிரியர் மாணவருக்குச் செய்யும் உதவியாகும். பெரிய எழுத்தையும் வெண்ணிறப் பின்னணியில் கருநிற எழுத்தையும் பயன்படுத்தினால், மங்கிய படத்திலும் பாடம் படிக்கக் கிடைக்கும்.

பழுதுநீக்கும் பணியில் இரண்டும் கைகோக்கின்றன. உரியவர் தம் திரையைக் காட்ட வேண்டும். வல்லுநர் அதனை இயக்கவும் வேண்டும். இதற்கான மென்பொருள்கள் தமிழ்நாட்டிலேயே உருவாகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் இயங்கும் சோஹோ நிறுவனத்தின் தொலையுதவி மென்பொருள் அவற்றுள் ஒன்று.

கையைக் கொடுக்கும் முன்

திரையைக் காட்டுவது ஒருவரை வீட்டின் முற்றத்திற்கு அழைப்பது போன்றது. கணினியை இயக்க இசைவது வீட்டின் சாவியையே தருவது போன்றது. இவ்வேறுபாட்டை அறியாதவரை ஏமாற்றுவோர் உளர். வங்கி அலுவலர் எனக் கூறிக்கொண்டு தொலைவிலிருந்து கைப்பேசியை இயக்கும் செயலியை நிறுவச் செய்து பணத்தைப் பறிக்கும் அபாயம் குறித்து, இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது. திரையைக் காட்டுவது மட்டுமே எனினும் ஒருமுறைக் கடவுச்சொல் பிறர் கண்ணில் படும் என்பதை மறக்கலாகாது. பணத்தை இழக்க நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

தொழில்நுட்பம் எதுவாயினும் முழுமையான ஒரு முறை என ஒன்றில்லை. எழுத்துக்கு ஒன்று, காட்சிக்கு ஒன்று; இயக்குவதற்கு ஒன்று, காட்டுவதற்கு ஒன்று. பூ மறுமுனையில் இருந்தால் குறிப்பை அனுப்பலாம். இல்லையெனில் மாலையையே அனுப்ப வேண்டும். எதை அனுப்புகிறோம், எவ்வளவு தொலைவுக்கு அனுப்புகிறோம், எப்போது தேவைப்படுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டவருக்கு, சிற்றூரின் மெலிந்த இணைப்பும் பயன்தரும் பாதையாகும்.

கற்பவை கற்றபின்

1. உம் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள திரை ஒன்றின் அகல உயரப் புள்ளிகளைக் கண்டறிந்து, சுருக்கப்படாத ஒரு படத்தின் அளவைப் பைட்டுகளில் கணக்கிடுக.

2. ‘அகலம் மிகுந்த இணைப்பும் மெதுவாகத் தோன்றலாம்’ – இக்கூற்றை உம் ஊரிலிருந்து வெளியூர் செல்லும் விளைபொருள் ஒன்றின் பயணத்தோடு ஒப்பிட்டு விளக்குக.

3. கணினி மைய உரிமையாளர் ஒருவர் தம் கணினியில் ஏற்பட்ட பழுதை வெளியூர் வல்லுநரிடம் காட்ட வேண்டியுள்ளது. அவர் மேற்கொள்ளவேண்டிய முறையையும் கடைப்பிடிக்கவேண்டிய பாதுகாப்பையும் உரையாடலாக எழுதுக.